வெயில், மழை, குளிர்: ஆண்கள் உடையில் நிறத்துக்கு முன்னால் துணியைப் பாருங்கள்

ஒவ்வொரு பருவம் பிறக்கும்போதும் "இந்த சீசனுக்கு எந்தக் கலர் ஓடுது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நிறத்தை மூன்றாவது இடத்தில் வையுங்கள். முதலில் பார்க்கவேண்டியது துணியின் எடை. அடுத்தது, துணிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. இவை இரண்டும் சரியாக அமைந்த சட்டையில் பெரும்பாலான நிறங்கள் எடுபடும். முதுகோடு ஒட்டிக்கொண்ட சட்டையை எந்த நிறத்தாலும் காப்பாற்ற முடியாது.

துணியின் எடையை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பதே கணக்கு. ரெடிமேட் சட்டையின் லேபிளில் பெரும்பாலும் இது இருக்காது. இணையத்தில் வாங்கினால் விவரப் பகுதியில் தேடிப் பாருங்கள், துணி எடுத்துத் தைப்பவர்கள் கடையில் கேளுங்கள். வெயில்காலப் பருத்திச் சட்டைக்கு 100 முதல் 130 ஜிஎஸ்எம் போதும். லினன் சட்டை 140 முதல் 180 வரை இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு துணி 140-க்கு மேல் போகும் என்பதால் அது இதமான பருவத்துக்கு உரியது. வெயில்காலப் பேன்டுக்கு 200 முதல் 260 வரை. ஜீன்ஸை மட்டும் ஒரு சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள், அந்தக் கணக்கில் ஒரு அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம். வழக்கமான 14 அவுன்ஸ் ஜீன்ஸ் 475 ஜிஎஸ்எம் ஆகிறது என்று கணக்குப் போட்டாலே, வெயிலில் அது ஏன் அப்படிப் படுத்துகிறது என்பது விளங்கிவிடும். கோடையிலும் ஜீன்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் 9 அல்லது 10 அவுன்ஸ் தேடுங்கள்.

ஆனால் எடையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். மெல்லிய நூலில் நெருக்கமாக நெய்த 100 ஜிஎஸ்எம் பாப்ளினைவிட, இழைகளுக்கு நடுவே இடம் விட்டு நெய்த 160 ஜிஎஸ்எம் லினன் குளுமையாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. துணியை ஒற்றை மடிப்பாக வாயருகே பிடித்துக்கொண்டு, மறுபக்கம் உள்ளங்கையை வைத்து ஊதுங்கள். கையில் காற்று தெரிந்தால் வெயிலுக்கு ஆகும். கன்னத்தில் திருப்பி அடித்தால் அது குளிர்காலத் துணி, அல்லது கலப்படம் அதிகம். பிறகு அதே துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசிமுனை அளவில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் சீராகத் தெரியவேண்டும். பின்னால் இருக்கும் விரல்களின் உருவமே தெரிந்தால் சட்டைக்குப் பரவாயில்லை, பேன்டுக்கு ஆகாது.

லினன்

கோடை வந்தால் எல்லாரும் லினன் பக்கம் போகிறார்கள், அதில் பாதிப் பேர் "கசங்குது" என்று ஒரே மாதத்தில் கைவிடுகிறார்கள். லினன் இழை விறைப்பானது, இழுத்தால் நீளாது. மடங்கினால் மடங்கிய இடத்திலேயே நின்றுவிடும், திரும்பி வருகிற தன்மை அதற்குக் குறைவு. அதே விறைப்புதான் துணியை உடம்பில் ஒட்டவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. குளுமை வேண்டும், சுருக்கம் கூடாது என்றால் நடக்காது. "கசங்காத லினன்" என்று விற்பவற்றின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்திருக்கும், அல்லது ரெசின் என்கிற பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். கசக்கம் குறையவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு 55 பங்கு லினன், 45 பங்கு பருத்தி என்கிற கலவை நல்லது. குளுமை கொஞ்சம் குறையும், மடிப்புகள் கூர்மையாக விழாமல் மென்மையாக விழும்.

லினனை முழுக்கக் காயவிட்டு இஸ்திரி போடுவது வீண் வேலை. ஈரம் பாதி இருக்கும்போதே, நல்ல சூட்டில், உள்பக்கமாகத் தேய்க்கவேண்டும். காலர் மடிப்பையும் பேன்ட்டின் முன்மடிப்பையும் கத்தி மாதிரி அழுத்தித் தேய்க்காதீர்கள். திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் அழுத்தினால் அந்த இடத்தில் இழை முறியும், ஓரிரு ஆண்டில் காலர் விளிம்பு நூல் நூலாகப் பிரியும். கஞ்சி போடுவதும் இதே சேதத்தைத்தான் விரைவுபடுத்துகிறது. பேன்ட் தைக்க லினன் எடுத்தால் துணியை ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகே தையலுக்குக் கொடுங்கள். முதல் துவைப்பில் அது சுருங்கும். மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் போனாலே உங்கள் பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். 200-க்குக் கீழான லினனில் பேன்ட் தைத்தால் அன்று மாலைக்குள் முட்டி தள்ளிவிடும்.

சீர்சக்கர் துணியையும் இங்கே சொல்லவேண்டும், அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. நெய்யும்போது பாவு நூலில் சில பட்டைகளை இறுக்கமாகவும் சிலவற்றைத் தளர்வாகவும் விடுவதால் தளர்ந்த பட்டை சுருங்கி மேடாக நிற்கும். அந்த மேடுகள் மட்டுமே தோலைத் தொடும், நடுவே காற்று ஓடும். இஸ்திரியே தேவையில்லை, போட்டால் அதன் அழகு போய்விடும்.

கறுப்பா, வெள்ளையா?

வெயிலுக்குக் கறுப்பு ஆகாது என்பது பாதி உண்மை. 1980-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வில், பாலைவன வெயிலில் தளர்வான கறுப்பு அங்கியும் வெள்ளை அங்கியும் போட்டுச் சோதித்தார்கள். கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை வாங்கியது, ஆனால் உடம்பைச் சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒரே அளவுதான். துணி வாங்கிய சூடு தோலை எட்டுவதற்குள் நடுவிலிருந்த காற்றோடு போய்விட்டது. காரணம் தளர்வு. உடம்பைப் பிடிக்கிற கறுப்பு டி-ஷர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதில் துணியின் சூடு நேராகத் தோலுக்கு வரும்.

வியர்வைத் தடம் வேறு கணக்கு. இளம் சாம்பலும் வானநீலமும்தான் மோசமாகக் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் நனைந்த இடம் இரண்டு மூன்று படி கருக்கும். வெள்ளை, கருநீலம், நெருக்கமான சிறு அச்சுப் போட்ட துணி ஆகியவை மறைக்கும். வெள்ளைச் சட்டை அக்குளில் மஞ்சளாவதற்கு வியர்வை மட்டும் காரணமில்லை. வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்பும் அதோடு சேர்ந்துதான் கறை பிடிக்கிறது. பூச்சு காய்ந்தபிறகு சட்டையைப் போடுங்கள். கறை விழுந்துவிட்டால் குளோரின் பிளீச்சைத் தொடவேண்டாம், மஞ்சள் கூடும். ஆக்சிஜன் வகை வெளுப்பானை இளஞ்சூட்டு நீரில் கரைத்து, சட்டையை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறப்போட்டுத் துவையுங்கள்.

தளர்வு என்றால் பெரிய சைஸ் வாங்குவதில்லை

இப்போது ஓடுகிற மோஸ்தர் வெப்பமான பருவத்துக்கு மிகவும் சாதகமானது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்கின்னி பேன்ட் ஓய்ந்து, அகலமான கால், உயரமான இடுப்பு, இடுப்புப்பட்டைக்குக் கீழே முன்னால் பிளீட் என்கிற மடிப்பு என்று வந்திருக்கிறது. சட்டையில் கேம்ப் காலர் வந்திருக்கிறது. இதில் காலரைத் தாங்கும் பட்டை கிடையாது, கழுத்தைச் சுற்றி நிற்கும் இரண்டு மூன்று அடுக்குத் துணியும் இல்லை, அதனாலேயே வெயிலுக்கு இதம். பின்னல் துணியில் காலர் வைத்த போலோ, உள்துணியும் தோள்பஞ்சும் இல்லாத ஜாக்கெட், சட்டை மேல் சட்டையாகப் போடும் ஓவர்ஷர்ட் எல்லாமே இந்தத் தளர்ந்த வரிசைதான்.

இதைப் பார்த்து ஒரு சைஸ், இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது இன்று அதிகம் நடக்கிற தவறு. பெரிய சைஸில் எல்லாமே சேர்ந்து பெருக்கும். தோள் தையல் கைமேல் இறங்கும், காலர் கழுத்திலிருந்து விலகும், கை உள்ளங்கையை மூடும். பார்ப்பவருக்கு அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் தெரியும். தளர்வாகவே வெட்டிய சட்டையில் தோளும் காலரும் உங்கள் அளவில் இருக்கும், மார்பும் உடலும் மட்டும் விரிந்திருக்கும். வாங்கும்போது பட்டன் அத்தனையும் போட்டு, நெஞ்சுக்கு நேராகத் துணியைப் பிடித்து முன்னே இழுங்கள். 8 முதல் 12 சென்டிமீட்டர் வந்தால் நல்ல தளர்வு. ஐந்துக்குக் கீழே என்றால் இறுக்கம். தோள் தையல், தோள் எலும்பின் முனையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வேண்டுமென்றே தோளை இறக்கி வெட்டிய சட்டை மட்டும் விலக்கு. அதில் கைக்குழியும் அகலமாக இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம்.

வெளியே விட்டுப் போடும் சட்டையின் நீளத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. அகலமான பேன்ட்டுக்கு மேல் நீளமான சட்டை விட்டால் உருவமே குட்டையாகிவிடும். பெல்ட்டுக்கும் ஜிப் முடிவுக்கும் ஏறக்குறைய நடுவில் சட்டை முடியவேண்டும். கீழ்விளிம்பு முன்னும் பின்னும் வளைந்து இறங்குகிற சட்டை உள்ளே சொருகுவதற்காக வெட்டியது. நேராக வெட்டியதே வெளியே விட.

பேன்ட்டை டிரையல் ரூமில் நின்று மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறோம், அங்கேதான் ஏமாறுகிறோம். பிளீட் வைத்த பேன்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நேராக நில்லுங்கள். பிளீட் இரண்டும் மூடியே இருக்கவேண்டும், வாய் திறந்து கிடந்தால் இடுப்புச் சுற்று போதவில்லை. அப்படியே உட்காருங்கள். இப்போது பிளீட் திறந்து தொடைக்கு இடம் கொடுக்கவேண்டும், அதற்குத்தான் அது இருக்கிறது. உட்கார்ந்த நிலையில் பின்புறம் இடுப்புப்பட்டை முதுகைவிட்டு இரண்டு விரலுக்கு மேல் விலகினால் ரைஸ், அதாவது கவட்டுத் தையலிலிருந்து இடுப்பு வரையிலான உயரம், உங்களுக்குக் குறைவு. சராசரி உயரமுள்ளவருக்கு முன்பக்கம் 28 முதல் 31 சென்டிமீட்டர் வைத்தால் தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும். தரையில் விரித்து அளந்தால் பேன்ட் காலின் அடிவாய் 19 முதல் 22 சென்டிமீட்டர் வரை அகலம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். 25-ஐத் தாண்டினால் துணி கனமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் நடக்கும்போது கொடிபோல் ஆடும். மெல்லிய துணியில் அகலமான கால் வேண்டுமானால் அடியில் 4 சென்டிமீட்டர் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், அந்த எடையே பேன்ட்டை நேராகத் தொங்கவைக்கும்.

தையல்காரர் எதைச் சரிசெய்வார், எதைச் செய்யமாட்டார் என்று தெரிந்து வாங்கினால் பணம் மிச்சம். இடுப்பைச் சுருக்கலாம், உள்ளே துணி மிச்சம் விட்டிருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விடவும் செய்யலாம். நீளத்தைக் குறைக்கலாம். ஜாக்கெட் கையைக் குறைக்கலாம், ஆனால் கஃப் பட்டன் நிஜமாகவே திறக்கும் வகையாக இருந்தால் சிரமம். ஜாக்கெட் தோளைப் பிரித்துச் செய்வது புதிது வாங்குவதற்குச் சமம். தோள் பொருந்தாத ஜாக்கெட் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் விட்டுவிடுங்கள். வெயில்கால ஜாக்கெட் என்றால் கட்டாயம் உள்ளே திறந்து பாருங்கள். வெளித்துணி நூறு சதவீத லினன் என்று எழுதி, உள்ளே கழுத்திலிருந்து அடிவரை பாலியெஸ்டர் லைனிங் கொடுத்திருப்பார்கள். அதற்குள் காற்று போகாது. முதுகில் பாதி மட்டும் லைனிங் இருப்பதோ, பருத்திக் கழிவிலிருந்து செய்யும் குப்ரோ இழை லைனிங்கோ தேடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். ஆண்கள் உடையின் போக்கைக் காட்டும் பெரிய சந்தை இத்தாலியின் ஃபிளாரன்ஸில் 1972 முதல் நடக்கிற பிட்டி உவோமோ. ஜூனில் காட்டுவது அடுத்த ஆண்டின் வசந்தத்துக்கும் கோடைக்கும், ஜனவரியில் காட்டுவது அந்த ஆண்டின் இலையுதிர், குளிர்காலத்துக்கும். ஜூன் படங்களில் பார்த்ததை உடனே தேடினால் கடையில் இருக்காது, அவசரப்படவும் வேண்டாம். நிறங்களுக்குக் குறியீடு வகுக்கும் பேன்டோன் நிறுவனம் 2025-ஆம் ஆண்டின் நிறமாக மோக்கா மூஸ் என்கிற இளம்பழுப்பை அறிவித்தபோது, கடைகளில் பழுப்பு ஏற்கெனவே கறுப்பின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. நல்ல நிறம், நிதானமான நிறம். கருநீலம், ஆலிவ், பாலாடை வெள்ளை மூன்றோடும் சேரும். ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் தோலின் நிறத்துக்கு மிக நெருங்கிய பழுப்பைச் சட்டையாகப் போட்டால் முகமும் சட்டையும் ஒன்றாகக் கலந்து சோர்வாகத் தெரியும். இரண்டு படி இருண்ட பழுப்போ வெளிறிய பழுப்போ எடுங்கள், அல்லது அந்த நிறத்தைப் பேன்டுக்கும் ஷூவுக்கும் விட்டுவிடுங்கள்.

மழை

மழைக்காலத்துக்கு மோஸ்தர் எதுவும் வேண்டாம், சீக்கிரம் காய்வதே முக்கியம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. கோடையில் குறையாகத் தெரிகிற பாலியெஸ்டரும் நைலானும் இங்கே கைகொடுக்கும். நைலான் கலந்த மெல்லிய பேன்ட், கணுக்காலில் முடிகிற நீளம், ரப்பர் அடி வைத்த ஷூ போதும். ஜீன்ஸ் நனைந்தால் மறுநாளும் இடுப்பு மடிப்பில் ஈரம் நிற்கும், ஸ்வேட் தோலும் வேண்டாம்.

மழை ஜாக்கெட்டில் நீர்த்தடுப்பு அளவு 10,000 மில்லிமீட்டர் இருந்தால் நல்ல மழையைத் தாங்கும். ஆனால் தையல்கள் உள்ளே டேப் ஒட்டி அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும், தண்ணீர் ஊசித்துளை வழியாகத்தான் முதலில் வரும். ஓரிரு பருவத்தில் "ஒழுக ஆரம்பிச்சிருச்சு" என்று தூக்கிப்போடாதீர்கள். வெளிப்பூச்சு அழுக்கேறித் தேய்ந்து, தண்ணீர் முத்தாக உருளாமல் துணியில் பரவுகிறது, அதனால் உள்வியர்வை வெளியேறாமல் ஈரமாகத் தெரிகிறது. துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்து, லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் இயந்திரத்தில் உலர்த்துங்கள். சூடு பட்டால் பூச்சு மீண்டும் எழும். அதற்கும் எழாவிட்டால் நீர்விலக்கி ஸ்பிரே அடிக்கலாம். நனைந்த தோல் ஷூவில் செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மூன்று மணிக்கொருமுறை மாற்றி, நிழலில் காயவிடுங்கள். அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தால் தோல் வெடிக்கும்.

குளிர்

குளிருக்குக் கனமாக ஒன்றைப் போடுவதைவிட மெல்லியதாக மூன்று போடுவது நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். தவறு நடப்பது அடிஅடுக்கில். உள்ளே பருத்தி பனியன் போட்டு மேலே நல்ல கம்பளி ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் போடுகிறார்கள். பத்து நிமிடம் வேகமாக நடந்தால் பனியன் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். நின்றவுடன் அந்த ஈரம் தோலிலேயே குளிர்ந்து நடுக்கம் வரும், ஸ்வெட்டர் மேல் பழி விழும். தோலை ஒட்டி 150 முதல் 200 ஜிஎஸ்எம் மெரினோ கம்பளி போடுங்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளிழுத்தும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அரிக்கும் என்று பயப்படுபவர்கள் இழையின் தடிமனைப் பாருங்கள், 18.5 மைக்ரானும் அதற்கு மெல்லியதும் பெரும்பாலோருக்கு உறுத்தாது.

கோட் துணியில் எழுதியிருக்கும் "சூப்பர் 100", "சூப்பர் 150" எல்லாம் இதே தடிமனைச் சொல்பவை. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் அதிகபட்சம் 18.75 மைக்ரான், சூப்பர் 150 என்றால் 16.25. எண் கூடினால் வழவழப்பு கூடும், ஆயுள் குறையும். தினமும் போடும் சூட்டுக்கு 100 முதல் 120 வரை போதும். சூப்பர் 150 தொடை உரசுகிற இடத்தில் சீக்கிரம் பளபளத்துத் தேயும்.

ஓவர்ஷர்ட்டுக்கு 300 ஜிஎஸ்எம்மும் அதற்கு மேலும் எடுங்கள், அதற்குக் கீழே அது வெறும் தடித்த சட்டை. கார்டுராயில் ஒரு அங்குலத்தில் எத்தனை வரி என்று எண்ணுவார்கள். 8 வரி என்றால் பட்டை பட்டையாகக் கண்ணில் படும், 14 பேன்டுக்கு வாகு, 16-க்கு மேல் சட்டைக்கு. இறகு அடைத்த ஜாக்கெட்டின் ஃபில் பவர், ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பது. 600 நகரக் குளிருக்குத் தாராளம். ஆனால் இறகு நனைந்தால் படுத்துவிடும், கதகதப்பும் போய்விடும். மழையும் குளிரும் சேர்ந்து வருகிற இடமானால் செயற்கைப் பஞ்சே நல்லது. எந்த மேலங்கியையும் உள்ளே போடப்போகிற ஸ்வெட்டரோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கையையும் முன்னே நீட்டிக் கட்டிக்கொள்ளும்போது முதுகு பிடித்தால் கைக்குழி போதவில்லை.

ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டாதீர்கள், தோளில் கொம்பு முளைக்கும். மடித்து வையுங்கள். அக்குளிலும் பக்கவாட்டிலும் பஞ்சு உருண்டைகள் திரள்வது இயல்பு. குட்டை இழைகள் உரசலில் வெளியே வந்து சுருண்டுகொள்கின்றன. கையால் பிய்த்தால் நல்ல இழையும் சேர்ந்து வரும், அதற்கென்று உள்ள சவரக் கருவியால் மெதுவாக எடுங்கள்.

பருவம் முடிந்து பெட்டியில் வைக்கும்போது துவைக்காமல் வைக்கவே கூடாது. துணியைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடத்தைத் தேடித்தான் அது முதலில் ஓட்டை போடும். அந்துருண்டை போட்டால் அதன் வாடை நெடுநாள் துணியைவிட்டுப் போகாது. துவைத்து முழுக்கக் காய்ந்ததும் காற்றுப்புகாத பையில் போட்டு வைப்பதே போதும். ஓட்டை ஏற்கெனவே தெரிந்தால் மற்ற துணியிலிருந்து உடனே பிரித்து, பையோடு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், துணி அறைச்சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். முன்பே திறந்தால் குளிர்ந்த கம்பளியில் காற்றின் ஈரம் படிந்துவிடும்.